நாலாம் ஸ்தலம்

என் தம்பி விக்கியை ஊர்த்தெருத் தண்ணீர்த்தொட்டி அடியில் வெட்டிக் கொன்றார்கள். வழியை மறித்து நின்ற டிராக்டருக்கு ஹாரன் அடித்தான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். காலனிக்காரனுக்கு அவ்வளவு திமிரா என்று கேட்டுக் கேட்டு வெட்டினார்கள். பெரம்பலூர் கோர்ட்டில் கேஸ் இன்னும் நடக்கிறது. வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து அதே தொட்டியடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நாங்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை விடிவதற்குள் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்தத் தவக்காலத்தில் ஒரு நாள் அம்மா பங்குச் சாமியார் முன்னால் போய் நின்றாள். எதற்கு வந்தாள் என்று துணைக்குப் போன எனக்கே தெரியாது.

“சாமி, பெரிய வெள்ளிக்கு சிலுவப்பாத எப்பவும் காலனியவே சுத்தி வருது. இந்தத் தடவ ஊர்த்தெரு வழியா போவணும். நாலாம் ஸ்தலத்த தண்ணித்தொட்டிகிட்ட வைங்க. அங்க எம்மவன் பேர சொல்லணும்.”

சிலுவைப்பாதையில் பதினான்கு இடங்களில் நின்று ஜெபிப்போம். நாலாவது, சிலுவை சுமக்கும் இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடம்.

“ஒனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்கு? ஒரு புள்ளய குடுத்தது பத்தாதா?” என்று கத்திவிட்டேன்.

“நீ செத்த சும்மாயிரு ஜோதி.”

சாமியார் நல்ல மனுஷர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். “பிரச்சன ஆயிடும் செல்வம்மா. கோயிலுக்குள்ளயே ஒரு பூச வச்சிடுவோமே.”

“ஏன் சாமி, பிலாத்து பேர ஞாயித்துக்கிழம பூசயில தவறாம சொல்றோம். ஆண்டவர சாவக் குடுத்தவன் அவன். அவன் பேரயே சத்தமா சொல்லலாம், எம்புள்ள பேர சொல்லக் கூடாதா?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

“ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுப் போவோம்மா” என்றார்.

நான் வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றதும் நான்தான். அம்மா மேல் எவன் கை வைக்கிறான் பார்ப்போம் என்ற ஆத்திரம் எனக்கு.

எங்கள் ஊரில் உபதேசியார் ராசாங்கம் மைக்கில் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. ஒரு வருடம் அவர் ஜெபத்துக்கு நடுவில் “ஒயர இழுக்காதடா” என்று அதட்டியதையும் எங்கள் சனம் பக்தியோடு திருப்பிச் சொன்னது. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வோம்.

மூன்றாம் ஸ்தலம் காலனி முனையில் முடிந்தது. ஊர்த்தெருவுக்குள் திரும்பியதும் பாட்டுச் சத்தம் இறங்கிவிட்டது. யாரும் திரும்பிப் போகவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள், பின்னால் ஸ்பீக்கர் கட்டிய லோடு ஆட்டோ வந்தது. தொட்டியடியில் டீ கிளாசோடு நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேரை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் முழங்காலிட்டோம். அம்மா மட்டும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராசாங்கம் மைக்கை அவள் வாயருகே நீட்டினார். ‘இங்கே கொல்லப்பட்ட விக்கிக்காக மன்றாடுவோம்’ என்று ஒரே வரி. வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வாரம் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அம்மாவுக்கு அந்த வரி வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து, ஐயோ, சொல்லாமல் போகப் போகிறாளே!

அம்மா தொட்டியடியையே பார்த்தாள். பிறகு, சோறு ஆறுகிறது என்று வாசலில் நின்று கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

“விக்கீ…”

பழக்க தோஷம், கூட்டம் அப்படியே திருப்பிச் சொன்னது. “விக்கி.”

லோடு ஆட்டோ ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. அம்மா திகைத்துப்போய் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“எம்மவன்” என்றாள்.

“எம்மவன்” என்றது கூட்டம். ராசாங்கம் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். குழந்தை குட்டி இல்லாத எங்கள் சாமியாரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தொட்டியடியில் ஒரு கிளாசும் வாய்க்குப் போகவில்லை.

நான் அவனுக்கு அக்காள்தான். இருந்தாலும் நானும் சொன்னேன், எம்மவன் என்று.