மையவாடியில் பூத்தவை

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆறு இடம் பார்த்து வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரு தடவை ஹாஃபிஸாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மதுரையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் இருபது பேர் வருவார்கள். ரிட்டையரான பேங்க் மேனேஜர், பல் டாக்டர், டீச்சர்கள். தாவரவியல் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் காட்டுப் பூ என்றால் உயிரை விடுவார்கள். மழை விட்டு மண் காய்வதற்குள், மார்கழியில் தொடங்கித் தை முடிவதற்குள் அவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். அதுவும் ஆட்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் ஆடு மேய்ந்து முடித்த ஒரு கரையில் இருபது பேரும் வெறும் தண்டைச் சுற்றி நின்றார்கள். அந்த அவமானம் ஹாஃபிஸாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்குக் கூட்டாளி ஜெயசுதா. இராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். கார்த்திகைக் கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, கீழக்கரைக்கு மேற்கே கடலோரம் இருக்கும் ஹாஃபிஸாவின் ஊருக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் பரப்பினார்கள். முதல் ஞாயிறு அக்காள்மடத்து மணல்மேடு. இரண்டாவது கண்மாய்க்கரை. மூன்றாவது பனங்காடு.

"நாலாவது எங்கக்கா?"

"எங்க ஊரு மையவாடி."

ஜெயசுதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முஸ்லிம்கள் மையத்து அடக்கும் இடம் அது. அந்த ஊரில் பெண்கள் அதற்குள் போவதில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. யாரும் போனதில்லை, அதனால் யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

"நாலு ஏக்கர், சுத்தி மதில்" என்றாள் ஹாஃபிஸா. "ஆடு ஏற முடியாது. சீமைக்கருவேலு தலை தூக்குனா ஜமாஅத்துல ஆள் விட்டுப் புடுங்கிருவாங்க. மத்ததைத் தொட மாட்டாங்க. இந்தக் கடற்கரையில அப்படி ஒரு இடம் வேற எங்கன இருக்கு, சொல்லு பாப்போம்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதற்காக அவள் அந்த இடத்தைச் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சலில் மவுத்தான அவளுடைய ஒரே மகள் சஃபா அங்கேதான் இருக்கிறாள். ஆறு வயசு. பிள்ளையைச் சுமந்துபோன சந்தூக்கு வீட்டு வாசலைத் தாண்டிய நிமிஷத்தோடு சரி. மகளை எந்த மண்ணில் வைத்தார்கள் என்று பெற்றவள் இன்று வரை பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு ஆசை இல்லை. ஜெயசுதாவுக்கும் இது தெரியும். நாலாவது மையவாடி என்று எழுதிக்கொண்டாள்.

பூ விஷயத்தில் ஹாஃபிஸா இறங்கியதே அந்த மண்ணால்தான். அடக்கம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, அவள் புருஷன் ஹமீது ஜும்ஆ தொழுதுவிட்டு மையவாடிக்குப் போய் ஓதிவிட்டு வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றா கேட்க முடியும்? "அங்கன என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"என்ன இருக்கும்? மண்ணுதான். ஏதோ மஞ்சளா ஒரு பூ."

"எத்தனை இதழு?"

"அதை யாரு புள்ள எண்ணுனா?"

"அடுத்த வாரம் எண்ணிட்டு வாங்க."

ஹமீதுக்குப் பூ என்றால் மல்லிகை, ரோஜா, கனகாம்பரம், மிச்சமெல்லாம் களை. அப்படிப்பட்ட மனுஷன் அடுத்த வெள்ளி எண்ணிக்கொண்டு வந்தார். அஞ்சு இதழ். தரையோடு படர்ந்த கொடி, புளிய இலை மாதிரிப் பொடி இலை, காலில் முள் குத்தியது. நெருஞ்சி என்று அவளே கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆறுதலை வேறு எந்த மனுஷரும் தரவில்லை. அதற்கப்புறம் புத்தகம் வாங்கினாள், பூதக்கண்ணாடி வாங்கினாள், ஊர் ஊராக அலைந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் புருஷன் சொல்கிற அடையாளத்தை வைத்து மகளின் தலைமாட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஒருத்தி தாவரவியல் கற்றுக்கொண்டாள். உலகத்தில் வேறு யாரும் இந்தக் காரணத்துக்காகக் கற்றிருப்பார்களோ என்னவோ.

நடுவில் ஹமீது இரண்டு வருஷம் சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டு வந்தார். வந்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் போனார், தவறாமல் சொன்னார். ஒரு சித்திரை மாதம், தார் ரோடு உருகுகிற வெயிலில், ஓரிதழ்தாமரை பூத்திருந்தது என்றார். இளஞ்சிவப்பாம், ஒற்றை இதழாம். மழைக்காலம் முடிந்தால் அந்தச் செடி இருந்த இடம் தெரியாது. அவள் மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிப் பேர் பொறுக்கியிருக்கிறார் மனுஷன்! வெயிலில் குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டுப் புளுகுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நேரே போய் நிற்கிறாரே, அது போதாதா என்று கேட்காமல் விட்டாள்.

மையவாடிக்கு அனுமதி கேட்டு ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதினாள். தலைவர் இஃப்திகார் காக்கா நல்ல மனுஷர். ஊர்க்காரர்களெல்லாம் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், அவர் இரண்டே நாளில் பதில் சொல்லிவிட்டார். "படிச்சவங்க இல்ம் தேடி, அறிவு தேடி வாராங்க. தலையை மூடிக்கிட்டு, கபுரை மிதிக்காம, ஆண்களும் கூட வந்து பார்த்துட்டுப் போகட்டும். அதுக்கு முன்னால ஒரு வியாழக்கிழமை நீங்க வந்து இடத்தைப் பார்த்துக்கங்க. மத்தியானம் லுஹர் பாங்குக்குள்ள வெளிய வந்துரணும். பூவைக் காட்டத்தான் இந்த அனுமதி, பழக்கமாக்கிரக் கூடாது."

அதைக் கேட்டதிலிருந்து ஹமீதின் முகத்தில் ஈயாடவில்லை. "பாம்பு கெடக்கு அங்கன" என்றார். "மதுரைக்காரங்களுக்கு வேற இடமா இல்ல?" என்றார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். மகளைப் பார்த்தால் இவள் தாங்குவாளா என்று பயப்படுகிறார் போல என்று ஹாஃபிஸாவுக்கு அவர்மேல் பிரியம்கூட வந்தது. பாவி, பிரியம் வந்தது!

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹாஃபிஸாவும் ஜெயசுதாவும் ஹமீதும் போய் நின்றார்கள், இஃப்திகார் காக்கா பெரிய கதவைத் திறந்துவிட்டார். ஹாஃபிஸா வலது காலை எடுத்து வைத்து, அடங்கியிருக்கிற எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

ஒரு புல் இல்லை.

நாலு ஏக்கரும் மண்வெட்டியால் வழித்துச் செதுக்கப்பட்டு, கூட்டிப் பெருக்கிய கல்யாண வீட்டு வாசலாகக் கிடந்தது. மதிலோரம் குவித்து எரித்த சாம்பலிலிருந்து இன்னும் புகை வந்தது.

"எப்படி?" என்றார் இஃப்திகார் காக்கா, வாயெல்லாம் பல்லாக. "ஆறு ஆளு, ரெண்டு நாள் வேலை. விருந்தாளி வார இடம் புதரா கெடந்தா நம்ம ஊருக்குல்ல அசிங்கம்? இந்த யோசனையே உங்க மாப்புள்ள ஹமீது சொன்னதுதான். ரெண்டு நாளும் கூடவே நின்னு வேலை வாங்குனாரு."

ஜெயசுதா "ஐயோ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். காக்காவுக்குப் புரியவில்லை. பூப் பார்க்க வருகிறார்கள் என்றதும் பூவை எல்லாம் செதுக்கி எறிந்து சுத்தம் செய்து வைத்த அந்த நல்ல மனசை என்ன சொல்லித் திட்டுவது? அவர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஹாஃபிஸாவுக்குப் பூவைப் பற்றி அழ நேரமில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கன? கூட்டிட்டுப் போங்க."

ஹமீது முன்னால் நடந்தார். வடகிழக்கு மூலையில் பிள்ளைகளை அடக்குகிற பகுதி. அந்த ஊரில் கபுருக்குப் பேர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இரண்டுக்கும் இடைவெளி குறைந்தால் அது பிள்ளை. இத்தனை வருஷம் செடிக்குள் மறைந்து கிடந்த கல்லெல்லாம் இப்போது தெரிந்தன. வரிசை வரிசையாக, எத்தனை பிள்ளைகள்! ஹாஃபிஸா மனசில் ஒரே ஒரு கபுரைத்தான் இத்தனை காலம் வைத்திருந்தாள்.

"எதுங்க?"

"அந்தா..." என்று கையை நீட்டினார். நீட்டிய கை ஒரு கல்லுக்கு நேரே போய், அடுத்த கல்லுக்கு நகர்ந்து, அப்படியே கீழே விழுந்தது.

"என்னாங்க?"

"எனக்குத் தெரியாது புள்ள."

அவள் கற்களை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சவூதியிலருந்து வந்து பார்த்தேன். நடுவுல புயல் மழையில மண்ணெல்லாம் எறங்கி, கல்லு சாஞ்சு, அதைத் திருப்பி நட்டிருக்காங்க. பக்கத்துல புதுசா வேற பிள்ளைகளை அடக்கியிருக்காங்க. தேடித் தேடிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தா நீ வாசல்லயே நின்னு, என்ன பூத்திருக்குன்னு கேட்டே. தொலைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? மொத வாரம் ஏதோ ஒண்ணு சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டே."

"அதுக்காகத்தான் செதுக்கச் சொன்னீங்களா?"

"செடி இருந்தா நான் சொன்ன பூவை வெச்சு நீ கண்டுபுடிச்சிருவே. இல்லேன்னா ஏதாவது ஒரு கல்லைக் காட்டிறலாம்னு நெனச்சேன். இங்கன வந்தா கை வரல."

ஹாஃபிஸா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "ஆறு வருஷம்! ஆறு வருஷமா எந்தப் பிள்ளைக்கு ஓதுனீங்க?"

"எல்லாத்துக்கும் சேர்த்து" என்றார் ஹமீது. அறுபது வயசு மனுஷர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவள் சட்டையை விட்டாள். ஆத்திரம்தான், யார் இல்லை என்றது? அந்த மண்ணிலேயே அவரை அறைந்திருக்கலாம். ஆனால் லுஹருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. முதல் வரிசையின் முதல் கல்லருகே போய் உட்கார்ந்து, மண்ணில் உள்ளங்கையை வைத்து, "சஃபா" என்றாள்.

பெற்ற கைக்குத் தெரியாதா என்ற நம்பிக்கையில்தான் வைத்தாள். தெரியவில்லை. மண் சூடாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்ததில் வைத்தாள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது கபுரில் அவளுக்கு வேறொன்று தோன்றியது. எது என்று தெரியாவிட்டால் போகிறது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் அவளையும் தொட்டதாகத்தானே ஆகும்? எழுந்து முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கையை வைத்து, பேரைச் சொல்லி, சலாம் சொல்லி எழுந்தாள். யார் யாருடைய பிள்ளைகளோ. அவர்களுடைய உம்மாக்களும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்களுக்காகவும் சேர்த்து அவசரப்படாமல் தொட்டாள். முழங்காலில் தோல் உரிந்தது. ஜெயசுதா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், அவள் வாங்கவில்லை. ஹமீது அவள் பின்னாலேயே நாலடி தள்ளி வந்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது வரிசை முடிகிறபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"தங்கச்சி, நேரமாச்சு" என்று காக்கா கதவிலிருந்து கூப்பிட்டார். "தொழுகைக்கு ஆளுங்க வந்துருவாங்க."

"அஞ்சு நிமிஷம் காக்கா."

"பேசுனபடி நடக்கணும்மா."

ஹாஃபிஸா எழுந்தாள். எழும்போது மதிலை ஒட்டி மிச்சமிருந்த கற்களைப் பார்த்தாள். கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப, இடம் பார்த்தாச்சா? சொன்ன ஞாயித்துக்கிழமைக்கு ஆளுங்க வருவாங்கதானே? இல்ல இத்தோட சரியா?"

ஜெயசுதா அவளை ஓரமாக இழுத்தாள். "அக்கா, சாயந்தரம் எல்லாருக்கும் லிஸ்ட் அனுப்பணும். நாலாவதை எடுத்துருவோம். வேரோட செதுக்கியிருக்காங்க, மழையும் முடிஞ்சு போச்சு. தையில இங்கன பச்சையா ஒண்ணும் இருக்காது. வேற இடம் பார்ப்போம்."

"வருவாங்க காக்கா" என்றாள் ஹாஃபிஸா, ஜெயசுதாவைப் பார்க்காமல். பிறகு அவளிடம், "எழுதிக்க. விஷ்ணுகிரந்தி. கொழுஞ்சி. செருப்படை" என்றாள்.

"எங்கக்கா இருக்கு?"

"நெறைய இருக்குன்னு எழுது. நீலமும் ஊதாவுமா, கால் வைக்க இடமில்லாம பூத்துக் கெடக்குன்னு எழுது."

செருப்பு மாட்டக் குனிந்த ஹமீது அப்படியே நின்றுவிட்டார்.

"மதுரையிலருந்து விடியக்காலம் பஸ் ஏறி வருவாங்கக்கா. வந்து பார்த்து ஏமாந்து போவாங்களே!"

"ஏமாறட்டும் ஜெயசுதா. எனக்கு இன்னும் ரெண்டு வரிசை இருக்கு."

ஜெயசுதா எழுதிக்கொண்டாள்.