மூன்று மாத ராஜாவின் தாடி

வாசலிலேயே அவள் அவன் கையைக் கிள்ளினாள். "அப்பா காசைக் காட்டுவார். வாயைப் பிளந்து ஆச்சரியப்படு, போதும். கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவனோ அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளை இனம் பார்த்துச் சொல்பவன். பாட்டன் சொத்து என்று நம்பி எடுத்து வருபவர்களிடம் முகத்துக்கு நேரே 'போலி' என்று சொல்லி, ஊர்ப்பட்ட சாபத்தையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தான்.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஜன்னலோர மேஜையில் விளக்கு, பூதக்கண்ணாடி, பல் சுரண்டும் ஊசிகள் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு ராஜகம்பீரமாக உட்கார்ந்திருந்தார். நோயாளிகள் தப்பித்துவிட்டார்கள். இப்போது அந்த ஊசிகளிடம் மாட்டிக்கொண்டது ரோமாபுரிச் சக்கரவர்த்திகள்.

"பெர்டினாக்ஸ்!" என்று ஒரு வெண்கலக் காசை நீட்டினார். "மூணே மாசம் ஆண்டவர். இவர் காசு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. வாங்கும்போது ஒரே மண்ணு. ஒரு வருஷம் சுரண்டிச் சுரண்டிப் பேரை வெளியே எடுத்தேன்."

அவன் பூதக்கண்ணாடியை எடுத்து, காசை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தான். முகமெல்லாம் பழங்காலத்துப் பச்சைக் களிம்பு. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் உலோகம் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. தாடியிலும் முக்கால்வாசி ஊசி கீறிய புது வளர்ச்சி. அடியில் கிடந்தவர் வேறொரு சக்கரவர்த்தி, கொம்மோடஸ். வருஷக்கணக்கில் ஆண்டு, காசாக அடித்துத் தள்ளியவர். எந்த வியாபாரியின் தட்டிலும் கிடைப்பவர்.

அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சார், இது கொம்மோடஸ். பேரைப் புதுசா வெட்டியிருக்கு."

"எவன் வெட்டினான்? வித்தவனா? அவனைச் சும்மா விடமாட்டேன்!"

தப்பிக்கத் தங்கமான வழி. விற்றவன் தலையில் கட்டிவிட்டால் தீர்ந்தது. அந்தச் சாமர்த்தியம் இருந்தால் அவன் ஏன் இந்த வேலைக்கு வருகிறான்?

"நீங்கதான் சார். மண்ணுன்னு நினைச்சு காசையே சுரண்டிட்டீங்க. தேடின பேர் வர்ற வரைக்கும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். காது சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், சிரித்தார்.

"என் மூஞ்சிக்கு நேரா இதைச் சொன்னவன் என் பொண்ணுகிட்ட பொய் பேச மாட்டான். கல்யாணத்தை முடிச்சிடலாம்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மை பேசினால் இப்படியும் நடக்குமா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

"ஒண்ணு போனா போகட்டும்" என்று டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு நீளத் தட்டை எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் இருக்கே. இதையும் ஒரு பார்வை பாரு."

தட்டு நிறைய அரிய ராஜாக்கள். மருந்துக்குக்கூட ஒரு சாதாரண ராஜா இல்லை. ஒவ்வொரு பெயரின் பள்ளத்திலும் அதே பளபளப்பு. டாக்டர் காசுகளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவள் கெஞ்சவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தான்.

"எல்லாம் அசல், மாமா" என்றான்.