ஏற்கெனவே மந்திரித்த ஹெலிகாப்டர்

சுருளி அருவியில் தலைமுழுகிவிட்டு, மாதா கோயில் பக்கம் கை நீட்டிச் சத்தியம்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது.

ராயப்பன்பட்டி ரூபன் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். வண்டி புத்தம் புதுசு என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் அதை ஓட்ட அம்மா வியாகுலமேரி சம்மதித்தாள். அவள் வீட்டுக்காரர் பங்கிராஸ் அதே படையில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கிழட்டு வண்டிகளோடு அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியும்.

வைகை அணையில் வெள்ள மீட்பு ஒத்திகை முடிந்ததும், அறுப்பு முடிந்த வயலில் ரூபன் அதைக் கொண்டுவந்து இறக்கினான். புது வண்டி வாங்கினால் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது ஊர் வழக்கம். வியாகுலமேரிக்கு இதுவும் வண்டிதான். இறங்கும்போது அடித்த காற்றில் கோம்பை நாய் ஒன்று மார்க்கையன்கோட்டை வரை பறந்துபோய், டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தது.

வெளியே பெயின்ட் பளபளத்தது. உள்ளே கலர் கலராய்க் கம்ப்யூட்டர் திரைகள். ரூபன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கிய நேரம், வாலில் இருந்த ஒட்டு ஒன்றைத் தடவிப் பார்த்த பங்கிராசுக்கு முகம் மாறியது. உள்ளே ஏறி இருக்கைக்கு அடியில் துழாவினார். துருவேறிய குட்டிச் சிலை, அந்தோனியார் சுரூபம் ஒன்று கையோடு வந்தது.

“சாமி, இது ஏற்கெனவே மந்திரிச்ச வண்டி. கியர்பாக்ஸ் போட்ட சத்தத்துக்குப் பயந்து நான்தான் இத வச்சேன்.”

ரூபனுக்குக் காது மடல் சுட்டது. திரை புதுசு, ரேடியோ புதுசு, முழுசா வாங்க மேலே பணம் ஒதுக்கவில்லை என்று வயலில் நின்ற அறுப்புத் தாளைப் பார்த்தபடியே சொன்னான்.

“என் டிராக்டருக்கும் புது சீட்டு போட்டிருக்கேன் மாப்ளே,” என்றார் பக்கத்து வயல் அழகர். “சாமிய அப்படியே அங்கனயும் வரச் சொல்லு.”

“அடுத்த வருசம் புதுசு வந்துருமாம்ப்பா,” என்றான் ரூபன், அப்பாவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாக.”

வியாகுலமேரி சுரூபத்தை முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“பழசுன்னு சொல்லியிருந்தா ரெண்டு சுரூபமா வாங்கியாந்திருப்பேன்ல,” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்காமலே ரூபன் ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் இருமி நின்றது. எங்கே தட்டவேண்டும் என்று அப்பா வெளியிலிருந்து கை காட்டினார். தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். பிடித்துக்கொண்டது.

சத்தியம் செய்த அவசரத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பங்கிராசுக்கும் வியாகுலமேரிக்கும் பிறந்தது இரண்டும் பெண் பிள்ளைகள், மகனே கிடையாது.