படகுப் பாய் ஒரு ஜோடி

ஆம்பூரில் கடல் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தும் இருபதடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, என் ஷூ கம்பெனி வாசலில் நிறுத்தினேன். புதுச்சேரியிலிருந்து கரையோரமாகவே நாகப்பட்டினம் வரை போவதாகத் திட்டம். பாய் மட்டும் கிழிந்திருந்தது. தையல் பிரிவு மெர்சியிடம் அதை அளவுக்குக் கொடுத்து, புதிதாகத் தைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு பாய்கள். ஒன்றில் இடது, மற்றதில் வலது என்று முத்திரை குத்தியிருந்தது.

"இன்னாம்மா மெர்சி, எதுக்கு ரெண்டு?"

"ஒத்தையா தச்சா பேக்கிங்ல திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

என் மனைவி அக்தரி இரண்டையும் பார்த்தாள். "இதுக்காக இன்னொரு படகு வாங்கிடாதீங்க" என்றாள்.

அதற்குள் நான் படகு விற்றவருக்குப் போன் போட்டிருந்தேன்.