இடிக்கல் இருந்த குழி

லிம் கடற்கழியின் சாம்பல்நிற நீர்மேல் இளங்கதிர் வெள்ளி மீன்களை வாரி இறைத்தாற்போல் மின்ன, கரையில் நெடிது கிடந்த சிப்பிமேட்டின் வெட்டுமுகத்தருகே, கன்னம் மண்ணில் பதியக் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருத்தல் தொல்லாய்வாளர் தோராவின் இருபதாண்டுப் பழக்கம். எலும்பாயினும் கரியாயினும், கிடந்தவாறே தாளில் ஏற்றாமல் எதனையும் தொடமாட்டாள். வெறுங்குழியைக்கூட அளந்து வரைந்து நாள் குறிப்பாள்.

அம்மேடு கடல் ஒதுக்கிய குவியலன்று, எழுத்தறியாக் காலத்து மாந்தர் உண்டு எறிந்த அடுக்களைக் கழிவே என்று அவள் நெடுநாள் வழக்காடினாள். தலைநகர் அறிஞரோ நகைத்தனர். அன்று நண்பகல் பேராசான் கெர்னர் நேரில் வந்தார். அவர் ஒப்பாவிடில் மறுநாளே மேடு முழுதும் சாலை போட வாரப்பட்டுவிடும்.

"சிப்பியக் கடலும்தான் குவிக்கும், அம்மணி. மனுசன் செஞ்ச கருவி ஒண்ணு காட்டுங்க."

அடுப்புக் களிமண்ணில் இறுகியிருந்த குழியொன்றைத் தோரா காட்டினாள். "அச்சப் பாருங்க, இதுல கல்கோடரி இருந்திருக்கு. திங்கக்கிழமை வந்து பாத்தா குழி மட்டுந்தான் இருந்துச்சு."

"நல்லாருக்கே! என் காலித் தட்டக் காட்டிப் பன்றிக்கறின்னும் சொல்லலாமே!"

சூழ நின்றோர் சிரித்தனர். நிலத்துக்குரிய உழவன் யெப்பெ மட்டும் சிரிக்கவில்லை. மின்னலோடு வானிலிருந்து விழும் இடிக்கல்லே கல்கோடரி என்றும், அதைக் கூரையில் செருகிய வீட்டை இடி தீண்டாது என்றும் நம்பும் ஊர் அது. முன்னாண்டு இடிவிழுந்து கொட்டிலை இழந்த அவன், ஞாயிறன்று ஆளில்லா வேளையில் அக்கல்லைப் பெயர்த்துச் சென்றிருந்தான். அவன் திரும்பி வீட்டை நோக்கி ஓடி, ஏணி சார்த்தி ஏறினான்.

"ஏ மனுசா! மேகம் கறுத்துக்கிட்டு வருது, இப்பவா இடிக்கல்ல உருவுற? கொட்டில் எரிஞ்சது மறந்துருச்சா?" என்று மனைவி மாரென் கூவினாள்.

"மறக்கலடி. அந்தம்மா கேட்டப்ப தெரியாதுன்னு சாதிச்சேனே, அதுவும் மறக்கல!"

மூச்சிரைக்க வந்து அவன் நீட்டிய கோடரியைக் கண்டு கெர்னர் உதடு பிதுக்கினார். "எங்க கெடந்த கல்லோ!"

தோரா, திங்களன்று வரைந்த தாளை விரித்தாள்: குழியின் ஓரத்தில் பிறைபோல் ஒரு புடைப்பு. கோடரியின் வாயிலும் அதே பிறையளவு சிதைவு! அவள் கல்லைக் குழியில் இறக்கினாள். தொட்டிலில் குழவி படிவதுபோல் அது மயிரிழை பிசகாமல் படிந்தது. பேராசான் தம் புதுக் காற்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டார்.

"அடேயப்பா! இது அடுப்படியேதான்... தோண்டுங்கம்மா, யாரும் இதத் தொடமாட்டாங்க!"

யெப்பெ தொப்பியைக் கழற்றினான். "அந்தப் படத்துக்குக் கீழ எழுதிக்கங்க, தோராம்மா. எடுத்தவன் யெப்பென்னு."

அவள் எழுதினாள், 'திருப்பித் தந்தவனும் அவனே' என்றும் சேர்த்தாள். அன்றிரவு மழை இறங்கிற்று. கல்லிழந்த கூரையின் மேலாக இடி உருண்டு கடலுக்குச் சென்றது. அக்கூரையின்கீழ், அன்பரே, நெடுநாளைக்குப்பின் ஓர் உழவன் அஞ்சாது உறங்கினான்.