கைப்பிடிகளில் கட்டிய துண்டுகள்

இதை எழுதத் துணிந்ததற்காக வாசிப்பவர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். குடிநீர் வாரியத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதே என் உத்தியோகம். தங்கள் தெருவில் குழாய் உடைந்தது குறித்து வாரியம் வருந்துகிறது என்பதற்கு மேல் நான் எதையும் எழுதிப் பழகியவன் அல்லன். ஆயினும் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய முகவரிகள் என்னிடம் இல்லை. இந்தப் பக்கங்கள் எப்படியாவது அவர்கள் கண்ணில் பட்டால் போதும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவர் ஓர் உல்லாசக் கப்பலில் அறைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நீண்ட நடைவழி ஒன்றின் இரு பக்கத்து அறைகளும் அவர் பொறுப்பு. ஓர் அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, கதவைச் சாத்தியதும் வெளிக் கைப்பிடியில் சிறிய வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார். உள்ளே ஆள் இல்லை, வேலை முடிந்தது என்று அதற்குப் பொருள். திரும்ப அதே கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காமல் இருக்க அவராகக் கண்டுபிடித்த வழி அது. முடிச்சும் அவருடையதே. ஒரு நுனியை மடித்து உள்ளே செருகியிருப்பார். அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும்.

விடுமுறையில் வந்தாலும் அந்தப் பழக்கம் அவரை விடாது. படுக்கையறையைக் கூட்டி முடித்தால் துண்டு, சமையலறையைக் கழுவிவிட்டால் துண்டு. பேருந்தில் இருக்கைக்குத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சொந்த வீட்டுக்குத் துண்டு போடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நான் கேலி செய்வேன். "அவுத்துட்டு உள்ள போங்க மச்சான், தாராளமா போங்க. ஆனா பெருக்குறது உங்க பொறுப்பு" என்பார். எங்கள் வீட்டில் அவருக்குத் துண்டு மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தக் கப்பல் கரைக்கு அருகிலேயே பாறையில் மோதி, மெல்ல மெல்ல ஒருக்களித்துப் பாதி நீரில் மூழ்கிப் படுத்தது. பெரும்பாலானவர்கள் படகுகளில் ஏறிப் பிழைத்தார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை என்ற செய்தி வந்ததும் அவருடைய மகளை என் மனைவியிடம் விட்டுவிட்டு நானும் தங்கையும் புறப்பட்டோம்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காகத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு விளையாட்டுக் கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். கப்பல் எங்கள் கண்ணில் படாதிருக்க ஜன்னல்களில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். யாருடைய கனிவோ அது, நன்றி. என் தங்கை மட்டும் வந்த அன்றே ஒரு மூலையைக் கிழித்துவிட்டாள். அந்த ஓட்டை வழியாகப் பார்ப்பதும், கட்டிலுக்குத் திரும்பி உட்காருவதுமாக அவள் பொழுது போயிற்று.

மாலைதோறும் முக்குளிப்பவர்களின் தலைவர் எங்களைப் பார்க்க வருவார். பல ஆண்டுகள் ஆழத்தில் வேலை பார்த்ததில் அவருக்கு ஒரு காது கேட்காது. ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு அமர்வார். அந்த இருப்பே நம் பேச்சை வேண்டிக் கேட்பதுபோல் இருக்கும். எதையும் மறைக்க மாட்டார், எதையும் மிகைப்படுத்தவும் மாட்டார். கப்பலுக்குள் கலங்கல் நீர், நீட்டிய கை தெரியாது என்றார். இரண்டு குழுக்கள் மாறி மாறி இறங்குவதாகவும், தேடி முடித்த அறையின் கைப்பிடியில் வெள்ளை நாடா ஒன்றைக் கட்டிவிடுவதாகவும், அதைக் கண்டால் அடுத்த குழு அந்த அறையை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும் என்றும் விளக்கினார். அதைக் கேட்டதும் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கதவுகளில் தொங்கும் துண்டுகள்தான் எனக்கும் நினைவுக்கு வந்தன.

நாள் ஆக ஆகக் கூடத்தில் கட்டில்கள் காலியாயின. ஒவ்வொரு குடும்பமும் தன் மனிதரோடு ஊர் திரும்பியது. கடைசியில் நாங்களும், எதிர்க் கட்டிலில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவரும் மிஞ்சினோம். அவர் பயணியாக வந்திருந்த தம் தாயாரைத் தேடிக்கொண்டிருந்தார். முழங்கால் நோயாளி, காதும் மந்தம், அபாய மணி அடித்ததே கேட்டிருக்காது என்று அதிகாரிகளிடம் அவர் சொல்வது எங்கள் காதில் விழும். எங்களோடு அவர் பேசியதில்லை. என் தங்கை ஒருநாள் அவருக்கும் சேர்த்துத் தேநீர் எடுத்துவந்தபோதுதான் வாயைத் திறந்தார். "கப்பல்ல வேலை பாத்தவங்கதானே மொத படகுல ஏறினது? டீயெல்லாம் இப்ப குடுத்து என்ன?"

தங்கை கோப்பையை அவர் அருகில் வைத்துவிட்டு வந்தாள். "அவர் ஏறியிருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னு அவருக்குத் தோணலையே அண்ணா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அன்று முதல் அவளுக்கு ஒரே பயம். ஆள் கிடைக்காமல் போனால், இருந்த இடமும் தெரியாமல் போகும். எங்கே ஓடி ஒளிந்தாரோ என்று யாரும் சொல்லலாம், மகளின் காதிலும் அது விழலாம்.

அந்தப் பயத்துக்கு எண்ணெய் வார்த்ததுபோல் அடுத்த செய்தி வந்தது. தேடும் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை எஃகுக் கயிறுகளால் கப்பலை இழுத்து நிமிர்த்தப்போகிறார்கள். நிமிரும்போது உள்ளே இருப்பதெல்லாம் புரண்டு நொறுங்கும், அதன் பின் யாரையும் உள்ளே விட முடியாது. மீட்பு வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மையார் நேரில் வந்து இதைச் சொல்லி, எங்கள் இரண்டு குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டார். கையெழுத்திட்ட தாளை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் வந்தார்.

அன்று மதியம், கரைக்கு வந்து சேர்ந்த பொருள்களைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனோம். பழைய சரக்குக் கொட்டகை அது. ஈரப் பெட்டிகளும் ஜோடியிழந்த காலணிகளும் மேசைகளில் வரிசையாகக் காய்ந்தன. எப்போதும் கையுறையோடு இருக்கும் ஓர் அம்மாள் அங்கே பொறுப்பாளர். ஒவ்வொரு பொருளையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டுவார். மாப்பிள்ளையின் பொருள் எதுவும் இல்லை. திரும்பும்போது சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கதவின் முன் தங்கை நின்றுவிட்டாள்.

நடைவழியில் குறுக்கே விழுந்து கிடந்ததால் எடுத்து மேலே கொண்டுவந்த கதவு என்றார் அந்த அம்மாள். கைப்பிடியில் அழுக்கேறிய துண்டு ஒன்று கட்டியிருந்தது. முக்குளிப்பவர்களின் அடையாளம், நாடா தீர்ந்துபோய்த் துண்டைக் கட்டியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

"இது அவங்க கட்டினதில்லம்மா" என்றாள் தங்கை. "இது எங்க வீட்டு முடிச்சு."

எனக்கும் அது தெரிந்தது. தலைவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஆனால் வேலை நடுவே போய் நிற்பது முறையாகுமா, யார் வழியாகச் சொல்வது என்றெல்லாம் என் புத்தி ஓடியது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மேசை ஓரத்தில் அமர்ந்து, 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்' என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

"நீ மனு எழுதி முடி அண்ணா. நான் போய் ஆளக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

தலைவரை மட்டுமல்ல, இரண்டு குழுக்களின் மூத்தவர்களையும், பொறியாளர் அம்மையாரையும் சேர்த்து அழைத்துவந்தாள். வழியெல்லாம் பதற்றத்தில் தலைவரின் கேளாத காதிலேயே பேசிக்கொண்டு வந்தாள் போலும். கதவருகே வந்து அவர் தலையைத் திருப்பிக்கொண்டதும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தம் குழுப் பிள்ளைகளே அவசரத்தில் கட்டியிருக்கலாம் அல்லவா என்று தயங்கினார்.

"உங்க பசங்க கட்டினா இப்படி அவுருமா?" என்று கேட்டு, தங்கை செருகியிருந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். அத்தனை நாள் உப்பு நீரில் ஊறியும் அந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. துண்டு அவள் கையில் தொங்கியது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

தலைவர் தம் குழுவினர் பக்கம் திரும்பி, அந்த நடைவழியில் யார் தேடியது என்று கேட்டார்.

"நாங்க போனப்ப எல்லாக் கதவுலயும் வெள்ளையா கட்டியிருந்துச்சு. இவங்க முடிச்சுட்டாங்கன்னு நெனச்சோம்" என்றார் ஒருவர்.

"நாங்க, நீங்க முடிச்சீங்கன்னுல்ல திரும்பினோம்" என்றார் மற்றவர்.

அந்த நடைவழியின் நடுவே மெத்தைகளும் அலமாரிகளும் சரிந்து சுவர்போல் அடைத்திருந்தனவாம். இந்தப் பக்கத்துக் கதவுகள் எல்லாவற்றிலும் அடையாளம் இருந்ததால், அந்தப் பக்கத்தையும் அடுத்த குழு வேறு வழியாகப் பார்த்திருக்கும் என்று இருவருமே எண்ணிவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. கலங்கல் நீரில் கை விளக்கோடு போகிறவருக்கு நாடா எது, துண்டு எது? அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். தலைவர் அதை எங்கள் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டதற்குத் தலைவணங்குகிறேன்.

பொறியாளர் அம்மையார் கொட்டகை வாசலுக்குப் போய்க் கப்பலைப் பார்த்தார். கயிறுகளை ஏற்கெனவே முறுக்கேற்றியாகிவிட்டது. அவற்றைத் தளர்த்தினால்தான் ஆள் இறங்க முடியும். காற்று மாறப்போகிறது, நாளை இழுக்காவிட்டால் பிறகு எப்போது என்று தமக்கே தெரியாது என்றார். பிறகு தலைவரிடம் சொன்னார். "காத்துகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க உள்ள போங்க."

மேலிடத்துக்குக் காட்டக் குடும்பத்தார் எழுதிய கோரிக்கை ஒன்று இருந்தால் நல்லது, யாராவது உடனே எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். நான் எழுந்து மனுவை நீட்டினேன். முதல் வரியைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல நிமித்தாம நிறுத்தி வைங்கன்னு இவ்வளவு மரியாதையா யாரும் என்கிட்ட கேட்டதில்லைங்க" என்றார். தங்கையும் சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை இறங்கினார்கள். அவள் ஜன்னலருகே போகவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். எதிரே மூக்குக்கண்ணாடிக்காரரும் அசையாமல் இருந்தார். தலைவர் உடை மாற்றாமல், நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். எப்போதும்போல் கேட்கும் காதைத் திருப்பி அமரவில்லை. நேராக என் தங்கையின் முன் வந்து மண்டியிட்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"கிடைச்சுட்டார்மா. அந்த அடைப்புக்கு அந்தப் பக்கம். அங்கயும் ஆளுங்கள வெளியேத்திட்டு ஒவ்வொரு கதவுலயும் கட்டியிருந்தார். துண்டு தீந்துபோய், தலையணை உறையக் கட்டியிருந்தார். நாங்க ஒவ்வொரு கதவா திறந்து பாத்தோம். இந்தப் பக்கமும் சேத்து. உள்ள யாருமே இல்ல. ஒரு முடிச்சுகூடப் பொய் சொல்லல."

கடைசிக் கதவில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. அதற்குள்தான் அவர் இருந்தார், ஒரு முதிய அம்மையாரோடு. அம்மையாருக்கு உயிர்காப்புச் சட்டை அணிவித்திருந்தது. அதன் நாடாவில் ஒரு நுனி மடித்துச் செருகியிருந்தது என்று தலைவர் சொன்னபோது, எதிர்க் கட்டிலிலிருந்தவர் எழுந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து அவர் எங்கள் பக்கம் வந்தார். அவர் கையில் இரண்டு கோப்பைத் தேநீர் இருந்தது. ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தார். முன்பு பேசியதைப் பற்றி எதுவோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டார்.

"அம்மா தனியா இல்லங்க" என்றார் கடைசியில். "அது போதும் எனக்கு."

"அவரையும் உங்கம்மா தனியா விடல" என்றாள் தங்கை. உட்காரச் சொன்னாள். நான் எனக்கொரு கோப்பை எடுத்துவந்தேன். மூவரும் தேநீர் குடித்தோம். அவள் தன் கணவரைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கினாள். துண்டு மாப்பிள்ளை என்ற பெயரையும் சொன்னாள்.

பொறியாளர் சொன்னதுபோலவே காற்று மாறியது. கப்பலை நிமிர்த்தும் வேலை பல வாரங்கள் தள்ளிப்போயிற்று. அதற்காக அவர் எங்கே எவ்வளவு பேச்சு வாங்கினாரோ, எங்களுக்குத் தெரிய விடவில்லை. அம்மையீர், தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜன்னலில் காகிதம் ஒட்டியவருக்கும், கையுறை அணிந்த அம்மாளுக்கும், இரண்டு குழுவினருக்கும், தலைவருக்கும் நன்றி. அப்பா எங்கே இருந்தார் என்று கேட்கும் மகளுக்குச் சொல்ல இன்று எங்களிடம் விடை இருக்கிறது.

இழந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கப்பல், அதை உடைத்துவிட்டார்கள். பயணிகளும் ஊழியர்களுமாகப் பத்தொன்பது உயிர்கள், அவர்களில் எங்கள் வீட்டவர் ஒருவர். அவருடைய பெட்டி, சீருடை. மகளுக்கென்று வாங்கி வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன ஏதோ ஒன்று, அது என்னவென்று தெரியாது. ஒரு முடிச்சு, அதை என் தங்கையே அவிழ்த்தாள்.