இழுப்பறைக்குள் ஒரு தோட்டம்

மருந்துக்கடைக்காரி சண்டைக்கென்றே வந்திருந்தாள். ஒரு தோட்டத்தை அவள் அம்மா வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றை அப்பா இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். அது சுவரில் தொங்கி அவள் பார்த்ததே இல்லை. கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு.

"குடோன்ல போட்டுப் பூட்டவா குடுத்தோம்?" என்று கிடங்குக் காப்பாளரிடம் எகிறினாள்.

"முதல்ல பாத்துடுங்க மேடம். அப்புறம் ஆசைதீரத் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

ஒட்டடையை எதிர்பார்த்துக் கைக்குட்டையும் கையுமாக நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குளுகுளுவென்று பெரிய கூடம். கூரைவரை படங்கள் மாட்டிய கம்பிவலைச் சட்டங்கள். காப்பாளர் ஒன்றை இழுத்தார். கடலும் குதிரைகளும் யாரோ ஒரு கிழவரின் முகமுமாக ஒரு சுவரே வெளியே வந்தது. அடுத்ததை இழுத்தார். அப்பாடி, எத்தனை பேர் கைபட்டவை! கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"வெளிய தொங்குறது துளியூண்டுதான். இங்கேருந்து வேற ஊர்க் கண்காட்சிக்குப் போகும், படிக்கிறவங்க வந்து பாப்பாங்க. உங்கம்மாவுது காகிதம், வெளிச்சம் ஆகாது. கொஞ்ச மாசம் மாட்டினா, பல வருஷம் இருட்டுல ஓய்வு."

அவளுக்கு அம்மா முகம்கூட நினைவில்லை. அவளைக் கைக்குழந்தையாக விட்டுக் கண்மூடியவள். அதே தோட்டத்தை அம்மா வரைந்த இன்னொரு படம் வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு எதிரே தொங்கியது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதைப் பார்த்துப் பார்த்தே, அம்மா ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை என்று அக்காவும் அவளும் தீர்மானித்திருந்தார்கள். அந்த நினைப்பு அவளை வளர்ந்த பிறகும் விடவில்லை.

காப்பாளர் கையுறை மாட்டி, தட்டையான இழுப்பறையைத் திறந்து, மேலே மூடியிருந்த மெல்லிய தாளை விலக்கினார்.

அதே வேலி. மூலையில் அதே வாளி. ஆனால் பூவெல்லாம் சிவப்பு! கண்ணைப் பறிக்கும் சிவப்பு, நடுநடுவே ரோஸ். கை நிற்காமல், வேலியைத் தாண்டியும் பூவாக வரைந்து தள்ளியிருந்தாள் அம்மா.

"எங்க வீட்டுது சாம்பலா இருக்கே!"

"ஜன்னல் வெயில் தின்னிருக்கும் மேடம். சிவப்பைத்தான் முதல்ல தின்னும்."

அவள் படத்தின்மேல் குனிந்தாள். "அப்போ எங்கம்மா சந்தோஷமா இருந்திருக்காளா?"

"இதைப் பாத்துட்டுமா கேக்குறீங்க?" என்றார் காப்பாளர். "வீட்டுக்கு வேணும்னா எழுதிக் குடுங்க, மேல கேட்டுப் பாக்குறேன்."

அவள் இன்னும் குனிந்து, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று தலைக்கு மேலே எரியும் விளக்கை அண்ணாந்து பார்த்துப் பதறினாள்.

"போதும், மூடுங்க. சீக்கிரம் மூடுங்க."